பிள்ளைகள் வாசிக்கும் சுவர்

(ஜூபிலி ஆண்டை முன்னிட்டு நமது பங்குப் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் நம் எல்லாருக்கும் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. ஆலயத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவரை உயர்த்த வேண்டும், கெபிக்கு வர்ணம் பூச வேண்டும் என்று விழாக் குழுவினர் நம்மிடம் ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள். அவையெல்லாம் நடக்கட்டும். இன்று நாம் பேச வந்தது ஒன்றாம் வகுப்பின் வடபுறச் சுவரைப் பற்றி. அந்தச் சுவரைக் குறித்துப் பங்கில் சில மாதங்களாகப் பேச்சு இருக்கிறது என்பதை நாம் அறியாதவரல்ல. "படம் போட்டிருந்த நல்ல சுவரை அழிச்சிட்டு, துண்டு துண்டா அட்டையை ஒட்டி வச்சிருக்காங்க, சந்தைக்கடை மாதிரி இருக்கு சாமி" என்று ஒரு தாய் நம் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆதலால் நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறோம்.

முதல் தவறு நம்முடையது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதம் எழுத்தையே பாராத பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தவனுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடமும் வரவில்லை. வசதியுள்ள வீடுகளிலிருந்து பிள்ளைகளை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று; நம் பள்ளியின் எண்ணிக்கை குறைந்தது. அங்கே சுவரெல்லாம் படமாக இருக்கிறது, இங்கே காரை பெயர்ந்து கிடக்கிறது என்று பெற்றோர் சொன்னதைக் கேட்டு நாமும் அவசரப்பட்டோம். சம்மாட்டி ஒருவர் பணம் தந்தார். பெயிண்டர் வந்தார். அணில் முதல் ஔவையார் வரை எண்ணெய் வர்ணத்தில் பளபளவென்று எழுதிவிட்டுப் போனார். கீழே உபயதாரர் பெயர். திறப்பு விழா வைத்து, மந்திரித்து, மிட்டாயும் கொடுத்தோம்.

சுவரில் எழுதியவற்றுள் ஒன்று "வாழைப்பலம்". ஒரு வருட காலம் அது அப்படியே இருந்தது. நாமும் பார்த்தோம், பெற்றோரும் பார்த்தனர், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்தச் சுவரை எவரும் வாசிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? சொற்கள் ஆறடி உயரத்தில் இருந்தன. ஆறு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் தெரிவது படம் மட்டுமே.

அடுத்த ஆண்டு ஒருநாள் அந்த வகுப்புக்குப் போனோம். ஒரு பையனை எழுப்பி, "தம்பி, சுவரில் உள்ளதை வாசி" என்றோம். அ அணில், ஆ ஆடு, இ இலை, ஈ ஈ என்று மூச்சு விடாமல் ஔவையார் வரை சொல்லி முடித்தான். நாம் கை தட்டினோம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கை தட்டவில்லை. "ஃபாதர், ஒரு நிமிஷம்" என்று சொல்லி, நாற்காலி மீதேறி, அணில் படத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, "இப்ப வாசிப்பா" என்றார். பையன் கைக்குட்டையைப் பார்த்தான்; நம்மைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் இறங்கி வந்து கரும்பலகையில் "இலை" என்று எழுதினார். சுவரில் உள்ள அதே இலைதான். "இது எனக்கு இன்னும் சொல்லித் தரல டீச்சர்" என்றான்.

தானியேல் ஆகமத்தில், சுவரில் எழுத்தைக் கண்டும் வாசிக்க முடியாமல் முகம் வெளுத்து நின்ற ஓர் அரசனைப் பற்றிப் படித்திருக்கிறோம். அன்று அந்த வகுப்பறையில் முகம் வெளுத்தது பையனுக்கல்ல, நமக்கு.

"இந்தச் சுவரை எனக்குத் தாங்க ஃபாதர். வெறும் வெள்ளைச் சுவரா வேணும்" என்றார் ஆசிரியை. கேட்பதற்குச் சிறிய காரியம். ஆனால் கீழே பெயர் இருக்கிறதே! உபயதாரர் நம்மைவிட மூத்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "அண்ணாச்சி, சுவரை அழிக்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் நமக்கு வியர்த்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஞாயிறு பூசைக்கு வந்தும் நம்மிடம் பேசவில்லை. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வந்து, "சாமி, படத்தையெல்லாம் அழிச்சிக்கிடுங்க. எம் பேரை மட்டும் விட்டிருங்க" என்றார். அப்படியே விட்டோம். வெள்ளைச் சுவரின் அடியில் பச்சை வர்ணத்தில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. அதன் பலனைப் பிறகு சொல்கிறோம்.

இப்பொழுது அந்தச் சுவரில் இருப்பதற்குச் சொற்சுவர் என்று பெயர். இது நமது ஆசிரியை கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் பாட்ரிசியா கன்னிங்ஹாம் என்ற பேராசிரியை இம்முறையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். வாரத்துக்கு ஐந்து சொல் மட்டும் சுவரில் ஏற்ற வேண்டும். ஏற்றிய சொல்லைத் தினமும் பார்த்து, சொல்லி, கை தட்டி, எழுத வேண்டும். சுவர் இருந்தால் மட்டும் போதாது, சுவரை வைத்து வேலை செய்ய வேண்டும் என்பது அவர் வலியுறுத்தியது. இந்தக் கடைசி வாக்கியத்தை நாம் பெயிண்டர் வருவதற்கு முன்னே அறிந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

ஆனால் அங்கிருப்பதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பயனில்லை. ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. "செட்" என்று சொல்லும் சொல்லில் எழுத்தைக் கூட்டிப் பார்த்தால் "செய்ட்" போல வரும். "வாஸ்" என்பதும் அப்படியே. அத்தகைய சொற்களைக் கண்ணில் பதிய வைப்பதற்காகவே அவர்களுக்குச் சுவர் மிகவும் தேவைப்பட்டது. தமிழ் அப்படியல்ல, பெரும்பாலும் எழுத்துக் கூட்டினால் சொல் வந்துவிடும். அப்படியானால் தமிழ்ப் பிள்ளைக்குச் சுவர் எதற்கு என்று கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் கேட்டோம்.

ஆசிரியை நம்மைப் பிள்ளைகளின் பெஞ்சியில் உட்கார வைத்தார். தமிழில் 247 எழுத்து. எல்லாவற்றையும் முடித்த பிறகே சொல் என்று வைத்தால், பிள்ளை ஒரு வருடம் பொருளில்லாத ஓசையையே சொல்லிக்கொண்டிருக்கும். அது பாட்டாகிவிடும், வாசிப்பாகாது. மேலும், நமக்குப் பழகிப்போனதால் தெரியாத சில சங்கடங்கள் பிள்ளைக்கு உண்டு. "கெ" என்று எழுதுகிறோம். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாய்க்கு முதலில் வருவது க். "கொ" என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் மாற்றி வாசி என்றால் ஆறு வயதுப் பிள்ளை திகைக்காதா? "பம்பரம்" என்ற ஒரே சொல்லில் முதல் ப ஒருவிதமாகவும் இரண்டாம் ப வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. இதற்கு இலக்கண விதி உண்டு. விதியைப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. ஆசிரியை பல், கப்பல், பம்பரம் என்ற மூன்று அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாலு நாளில் பிள்ளைகளே குரலை மாற்றிக்கொண்டார்கள்.

எனவே நமது சுவரில் அட்டைகள் அகர வரிசையில் இல்லை. குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. வலை, அலை, தலை, இலை, மலை ஒரு குடும்பம். ஐந்தும் நன்றாகப் பழகிய பிறகு ஆசிரியை ஒரு புதிய அட்டையைக் காட்டினார்: "சிலை". யாருக்கும் சொல்லித் தராத சொல். ஒரு பெண்பிள்ளை "சி" என்று தொடங்கி, சுவரில் வலையைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்து, "சிலை!" என்று கத்தினாள். அந்த நேரத்தில் நாம் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

பிரேசில் நாட்டில் பாவுலோ பிரையிரே என்பவர் 1963-இல் ஆங்கிகோஸ் என்ற ஏழைப் பட்டணத்தில் சுமார் 300 தொழிலாளருக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவிக்கத் தொடங்கியபோதும் இப்படித்தான் செய்தார். கொத்தனாருக்கு அவர் கொடுத்த சொல் செங்கல். அவர்கள் மொழியில் அது "திஜோலோ". அதைப் பிரித்து, முதல் அசையிலிருந்து த, தெ, தி, தொ, து என்ற குடும்பத்தைக் காட்டினார். நம் உயிர்மெய் வரிசைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்! கூலிக்காரர் தம் கையிலிருந்த சொல்லைக்கொண்டே வாசிக்கக் கற்றார்கள். மறு ஆண்டு இராணுவ ஆட்சி வந்தது. அவரைச் சிறையில் போட்டார்கள். ஏழை வாசிக்கத் தொடங்கினால் யாருக்கோ பயம் வருகிறது என்று தெரிகிறது. அது வேறு கதை.

நம் பிள்ளைகளின் கையில் உள்ள சொல் எது? பழைய சுவரில் உரல் இருந்தது. எத்தனை வீட்டில் உரல் இருக்கிறது? நமது பிள்ளைகளுக்குத் தெரிந்தது வலை, வள்ளம், துடுப்பு, நங்கூரம், சாளை, நெத்திலி, நண்டு, கொண்டல், வாடை, கச்சான். திங்கட்கிழமை காலை ஆசிரியை, "நேத்து வீட்டில என்ன நடந்தது?" என்று கேட்கிறார். அவர்கள் சொல்வதிலிருந்துதான் ஐந்து சொல் வருகிறது. ஒரு வாரம் "ஆஸ்பத்திரி" வந்தது. ஒரு வாரம் "வட்டி" வந்தது. இரண்டையும் அவர் ஏற்றினார். வட்டி வேண்டாமே என்று நாம் சொன்னோம். "வீட்டில தினமும் கேட்கிற சொல் ஃபாதர், அதைத்தான் முதல்ல வாசிப்பாங்க" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது.

மற்றொன்று. பிள்ளை வீட்டில் "தண்ணி" என்கிறது. புத்தகத்தில் "தண்ணீர்" என்றிருக்கிறது. "தண்ணின்னு சொல்லாதே" என்று தலையில் குட்டினால் அது வாயை மூடிக்கொள்ளும். ஆசிரியை குட்டுவதில்லை. "நாம தண்ணின்னு சொல்லுவோம், எழுதும்போது இப்படி எழுதுவோம்" என்று சொல்லி அட்டையை ஒட்டுகிறார். இதில் சுவரால் ஒரு தனிப்பயன் உண்டு. கரை, கறை, பனி, பணி, அரை, அறை. காதுக்கு இவற்றில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. பழத்தைப் "பளம்" என்றே நம்மில் பலர் சொல்கிறோம். எந்த இடத்தில் எந்த ர, எந்த ல என்று கண் நினைவு வைக்க வேண்டும். "பலம்" என்று எழுதிய பெயிண்டரைப் பழித்துப் பயனில்லை. அவர் சிறுவயதில் பார்த்த சுவர் எப்படியிருந்ததோ! குருமடத்தில் நாம் கிரேக்கச் சொற்களை அட்டையில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிவைத்தோம். புத்தகத்தில் படித்தவை பெரும்பாலும் மறந்துபோயின. கதவில் இருந்தவை இன்னும் மறக்கவில்லை.

கடற்கரை மக்களாகிய நமக்கு எழுத்து புதிதன்று. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் ஓலை வாசிப்போர் தடுமாறிய காலத்தில், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நெடிலுக்குச் சுழித்த கொம்பு வைத்து அதைத் தீர்த்தார். இன்று பிள்ளை "செடி" எது, "சேவல்" எது என்று பார்த்தவுடன் சொல்வது அந்தச் சுழியால்தான். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது நாம் சிறுபிள்ளை. பழைய எழுத்தும் கற்று, புதிய எழுத்தும் கற்ற தலைமுறை. சென்ற மாதம் ஒரு பாட்டி பேத்தியை அழைத்துப்போக வந்தவர் "வலை" அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏ சாமி, இந்த லைக்குத் தும்பிக்கை எங்க?" என்று கேட்டார். பழைய லை எழுதிக் காட்டச் சொன்னோம். சாக்பீசால் அழகாக எழுதினார். அன்று வகுப்பில் அவர்தான் டீச்சர்.

ஆங்கில நாடுகளில் இப்பொழுது சொற்சுவரை எழுத்து வரிசையில் வைக்காமல் ஒலி பிறக்கும் முறையில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர் பலர் கூறி, வாய் அசைவுப் படங்களோடு ஒலிச்சுவர் அமைக்கிறார்கள். க, ங அடிநாவில். ச, ஞ இடைநாவில். ட, ண நுனிநாவில். ப, ம இதழில் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்லியிருக்கிறது. நம் மெய்யெழுத்துகள் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கையில் இருந்ததை நாம் மனப்பாடத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டோம் என்ற வருத்தத்தில் சொல்கிறோம்.

செலவைக் கேட்டால் சிரிப்பீர்கள். பழைய காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகையின் பின்புறம், ஒரு கறுப்பு மை, பசை. அட்டை பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கிறது. எழுத்து கடைசி பெஞ்சிக்குத் தெரிகிறது. காலையில் பத்து நிமிடம் ஆசிரியை பிரம்பால் சொல்லைத் தொட்டுக் காட்டுகிறார். (நம் காலத்தில் பிரம்புக்கு வேறு வேலை இருந்தது.) வரிசையாகத் தொடுவதில்லை, அங்கொன்று இங்கொன்று. வரிசையாகப் போனால் மறுபடியும் பாட்டாகிவிடும் அல்லவா? எல்லாரும் தடையின்றி வாசிக்கும் சொல்லைக் கழற்றி ஓலைப்பெட்டியில் போட்டுவிடுகிறார். பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்துத் தரையில் அடுக்கிப் பிள்ளைகள் வாக்கியம் செய்கிறார்கள். "நண்டு வட்டி கேட்டது" என்று ஒருவன் செய்து வைத்திருந்தான்.

ஒரு பெண்பிள்ளை மட்டும் மூக்கு சுவரில் படும்படி போய் நின்று வாசித்தது. கண் மருத்துவரிடம் அனுப்பினோம். இப்பொழுது கண்ணாடி போட்டிருக்கிறது. அதுவரை வீட்டாரும் நாமும் மந்தபுத்தி என்றே நினைத்திருந்தோம். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அரசும் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கி, 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் எழுத, வாசிக்க, கணக்குப் பார்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கு வைப்பது எளிது. நம் வகுப்பிலேயே நான்கைந்து பேர் இன்னும் தடுமாறுகிறார்கள். சொல் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கதைப் புத்தகம் வேண்டும். அது நம்மிடம் போதுமான அளவு இல்லை. கைக்குட்டை கண்டு திகைத்த அந்தப் பையன் இப்பொழுது மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்புக்குத் தம்பியை விட வருகிற சாக்கில் தினமும் பத்து நிமிடம் சுவர் முன்னால் நிற்கிறான். சென்ற வாரம் கடற்கரையில் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், வரிசையாக நின்ற படகுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். இரண்டு பெயரில் தவறினான்; திருத்தினோம்.

சுவரின் அடியில் விட்டு வைத்த பெயருக்கு வருவோம். அது பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக இருக்கிறதல்லவா? எந்த அட்டைக்கும் முன்னே அவர்கள் வாசிக்கக் கற்றது அந்தப் பெயரைத்தான். அண்ணாச்சி தெருவில் போனால் வாண்டுகள் முழுப்பெயரையும் இன்ஷியலோடு எழுத்துக் கூட்டிக் கத்துகின்றன. அவர் நம்மிடம் வந்து முறையிட்டார். முகத்தில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

பெற்றோரிடம் நாம் கேட்பது இதுதான். பிள்ளை வீட்டுக்கு ஓர் அட்டை கொண்டுவந்தால் அதை அடுப்பில் போடாதீர்கள்; கதவில் ஒட்டுங்கள். படகுப் பெயர், பஸ் போர்டு, கடைப் பலகை எதைக் கண்டாலும் நின்று வாசிக்கட்டும். நேரமாகிறது என்று இழுக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத தாய்மார்கள் கூச்சப்பட வேண்டாம். பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

இரண்டாம் வகுப்புச் சுவரையும் அழிக்க இருக்கிறோம். அதில் நான்கு உபயதாரர் பெயர் இருக்கிறது; நால்வரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலை. சுண்ணாம்பு நனைத்து வைத்திருக்கிறோம். மட்டையும் வாளியும் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். சென்ற ஆண்டுக் காலண்டரை யாரும் கிழித்துப் போட்டுவிட வேண்டாம்.